பதின்மூன்றடிப் படகு

1959 ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. திருப்பதி ஆபீசில் கெட்டுப்போன ஒரு புளூபிரிண்ட் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதன் முதுகுப்பக்கம் வெள்ளையாக இருக்கும். சமையல் முடிந்ததும் அதை விரித்து வைத்துக்கொண்டு ஒரு படகு வரைந்தேன்.

ஏன் வரைந்தேன்? தெரியவில்லை. பதினோரு வருஷமாக நீர்ப்பாசன ஆபீசில் மற்றவர்கள் போட்ட மதகையும் கலுங்கையும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிற கை இது. இன்று அதுவாக ஒரு வளைவு போட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். திருத்தணி தொழிற்பள்ளியில் தச்சு வாத்தியார். எந்தப் படத்தைக் கண்டாலும் எத்தனை பலகை என்றுதான் கண் போகும்.

“இன்னாது இது? தொட்டியா?”

“படகு.”

“புத்தூருல படகா!” சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எத்தினி அடி?” என்றார்.

பதின்மூன்று என்றேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு உப்பு இலாகாவில் வேலை. பழவேற்காட்டில் ஏழு வருஷம் இருந்தோம். உப்பளங்களைப் பார்க்க அவர் பாய்ப்படகில் போவார். லீவு நாளில் நானும் தொற்றிக்கொள்வேன். ஏரியின் நடுவில் வாடைக்காற்று பாயில் அடித்து நிரம்பும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு சத்தமே கிடையாது. படகு போகிறது என்பதே தெரியாது, கரைதான் நகரும். பன்னிரண்டு வயதில் சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு நைனா வெற்றிலை போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சுக்கான் கட்டையின் வழவழப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

ஆனால் அந்தப் படகைக் கரையேற்ற எட்டு ஆள் வேண்டும். நான் வரைவது அப்படிப்பட்டதில்லை. நாங்கள் இருவர். ஏரியும் வீட்டு வாசலில் இல்லை. பிச்சாட்டூரில் புது அணை கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் அங்கேதான். ஆகவே படகு வண்டியில் ஏறவேண்டும், இறங்கவேண்டும். காலையில் கொண்டுபோய் மாலையில் வீட்டுக்குத் திரும்பவேண்டும். இரண்டு மூட்டை நெல்லின் எடைக்கு மேல் போகக்கூடாது.

செப்டம்பர் 6, ஞாயிறு

அடிப்பக்கம் பற்றி ஒரு வாரமாக யோசனை. ஆழமான அடிக்கட்டை வைத்தால் படகு வண்டியில் உட்காராது. தட்டையாக விட்டால் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். கடைசியில் நடுவில் ஒரு பிளவு விட்டேன். அதன் வழியாக ஒரு கனத்த பலகை இறங்கும், ஏறும். தண்ணீரில் இறக்கிக்கொள்ளலாம், வண்டியில் ஏற்றும்போது தூக்கிக்கொள்ளலாம்.

அவர் பார்த்துவிட்டு வெளியே போனார். மாலையில் மதராசிலிருந்து படகுக்கு ஏற்ற ஐனிப் பலகை வரவழைக்க ஆளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

செப்டம்பர் 7

ரயிலில் திருப்பதிவரை சிரித்துக்கொண்டே போனேனாம். பக்கத்து ஸீட்டு அம்மாள் கேட்டாள், “வீட்டுல விசேஷமா?”

அக்டோபர் 11, ஞாயிறு

வீட்டின் பின்பக்கம் முழுக்க மரத்தூள். படகின் விலாவாக நிற்கும் வளைவுக்கட்டைகளுக்குக் கருவேல மரத்தில் இயல்பாகவே வளைந்த கிளையாகத் தேடித்தேடி வெட்டி வந்திருக்கிறார். கட்டையை வளைப்பதைவிட வளைந்த கட்டையைக் கண்டுபிடிப்பது மேல் என்கிறார். பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி திணிப்பது என் வேலை. அதன்மேல் பூசக் குங்கிலியம் காய்ச்சும் வாசனை தெருமுனைவரை போகிறதாம்.

சிட்டிபாபு வந்தான். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று வைத்துக்கொண்டு காய்கறிக்கூடையும் நோயாளியும் ஏற்றுகிறவன். எங்களைவிட இந்தப் படகின்மேல் அவனுக்குத்தான் ஆசை அதிகம். அதே ஏலச்சாமானில் ஒரு தண்ணீர்த்தொட்டி டிரெய்லர் கிடந்ததாம். தொட்டியைக் கழற்றி அச்சும் சக்கரமும் கொண்டுவந்துவிட்டான்.

“பர்வாலேது அக்கா, ஒண்ணும் கஷ்டமில்ல, என் ஜீப்பு இழுக்கும். எறக்கத்துலதான் உங்க படகு என்ன இழுத்துகினு போவும்.”

அந்த அச்சுக்குமேல் படகு உட்கார ஒரு தொட்டில் வரைந்தேன். பின்னால் தேக்கு உருளை ஒன்று. படகு அதன்மேல் உருண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடும், தூக்கவே வேண்டாம்.

நவம்பர் 15, ஞாயிறு

பாய்மரத்தைப் பற்றி இருவருக்கும் பேச்சு தடித்துவிட்டது.

கணக்குப்படி பதினைந்து அடி. ஆனால் காகிதத்தில் பார்த்தால் பாய் குட்டையாக, முறம் மாதிரி இருக்கிறது. பழவேற்காட்டுப் பாய் அப்படியா இருக்கும்! கழுத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். பதினெட்டு என்று திருத்தினேன். அடியில் கீல் வைத்துவிட்டால் சாலையில் மடக்கிக்கொள்ளலாமே.

“மரம் ஒசரமா கீது. படகு அகலம் பத்தாது” என்றார்.

“பலகை கனமா இருக்குது, இழுத்துப் பிடிக்கும்.”

“பாத்துக்கோ. நீ சொன்னா செஞ்சிடறேன்.”

செய்யச் சொன்னேன். காடாத்துணியை மிஷினில் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். எத்தனை வருஷம் கழித்து ஒரு பாய்!

டிசம்பர் 20, ஞாயிறு

மிதந்தது! மிதந்தது!

விடிந்ததும் கிளம்பினோம். நாகலாபுரம் சாலையில் எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். அணைக்கரையில் உருளைமேல் படகை விட்டதும் அது தானாகவே போய் உட்கார்ந்தது, குளிக்கப்போகிற எருமைபோல. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அவர் கைவேலை அப்படி.

காற்று மெல்லியது. இருவரும் இரண்டு மணி நேரம் போனோம், வந்தோம். ‘டப்’ என்ற சத்தம் கேட்டது. நான் அழுதேன். காற்று கண்ணில் பட்டதென்று சொன்னேன். அவர் நம்பவில்லை, கேட்கவுமில்லை.

மீன்பிடிக்கப் பரிசல் வைத்திருக்கும் ரங்கையா என்ற பெரியவர் பக்கத்தில் வந்து சுற்றிப் பார்த்தார். “பாய் ரொம்பப் பெரிசும்மா” என்றார். புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

1960 ஜனவரி 3, ஞாயிறு

அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

பத்து மணி இருக்கும். படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்கிறது என்று கரையிலிருந்து குறிக்க நினைத்தேன். “நீங்க மட்டும் ஒரு சுத்து போய் வாங்க” என்றேன். நான்தான் சொன்னேன். மலைப்பக்கமிருந்து ஒரு காற்று, ஒரே அடி. காற்று வலுத்தால் தளர்த்திவிட வேண்டிய பாய்க்கயிற்றை அவர் கட்டையில் கட்டிவிட்டிருந்தார். இப்படிக் கட்டிக்கொள்ளலாம் என்று காட்டியதும் நான்தான். அவிழ்க்க நேரமில்லை. மரம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, படகு புரண்டு வயிறு மேலே வந்துவிட்டது. இறங்கியிருந்த பலகை ‘சளக்’கென்று உள்ளே போய்விட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, வழுக்குகிற அடிப்பலகைதான். ஆளைக் காணோம். ஐயோ, ஆளைக் காணோமே. கத்திக்கினே ஓடறேன், தண்ணி இடுப்பளவு வந்துட்டுது, அவரு எங்க இருக்காருன்னு தெரியல —

ரங்கையா பரிசலில் போய்ச் சேர்ந்தார். இவர் காலில் கயிறு சுற்றிப் பாய்க்கடியில் மாட்டிக்கொண்டிருந்தார். ரங்கையா கத்தியால் கயிற்றை அறுத்துத் தூக்கினார். குப்புறப் போட்டு அழுத்தினார்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது! இவர் நகரி ஊர்க் கிணறுகளில் குதித்து வளர்ந்தவர். நீச்சல் தெரிந்த மனிதர்.

கண் திறந்ததும் கேட்டது, “படகு இன்னா ஆச்சி?”

ஜனவரி 4

காய்ச்சல். கஞ்சி மட்டும். நான் லீவு.

ஜனவரி 10, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. ஆனால் வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கிணற்றடிக்குப் போவதில்லை. வாளியில் கொண்டுவந்து வைத்தால் கையால் அள்ளித் தெளித்துக்கொள்கிறார், தலையில் ஊற்றிக்கொள்வதில்லை. கேட்டால் சளி பிடிக்கும் என்கிறார்.

சிட்டிபாபுவிடம் அவர் பேசியது காதில் விழுந்தது. “படத்துல தப்பு ஒண்ணும் கெடயாதுப்பா. நான்தான் கயிறக் கட்டிட்டேன்.”

அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜனவரி 17, ஞாயிறு

ஒரு சாண் நீளத்தில் மரத்துண்டு செதுக்கித் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். குச்சி நட்டு, பதினைந்து அடி அளவுக்கு ஒன்று, பதினெட்டு அளவுக்கு ஒன்று. விசிறியால் வீசினேன். பதினைந்து ஆடிவிட்டு நிமிர்ந்தது. பதினெட்டு படுத்துவிட்டது. ஒன்பது தடவை செய்தேன். ஒன்பது தடவையும் படுத்தது.

மூன்று அடி. கணக்கு சரியாகத்தான் வந்தது. என் கைதான் அதை அடித்துவிட்டு மாற்றி எழுதியது. எதற்கு? ஒரு சிறுமி அண்ணாந்து பார்த்த பாய்க்காக. அன்று நைனாவின் படகு எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் — அது எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. பாய் மட்டும்தான் இருந்தது.

ஜனவரி 26, செவ்வாய்

ஆபீசில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய். பேச்செல்லாம் எல்லையைப் பற்றித்தான். ஏப்ரலில் திருத்தணி மதராசோடு போகிறது, சத்தியவேடு பக்கம் ஆந்திராவோடு வருகிறது. புத்தூர் இங்கேயே. எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று நிரப்பித்தரச் சொல்லி அவருக்கு ஒரு பாரம் வந்திருக்கிறது.

“செங்கல்பட்டுல ஒரு எடம் காலியா கீதாம். அங்கயே போயிடலாம்” என்றார்.

“நான்?”

“நீயும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடு. இந்த ஊரு போதும்.”

திருத்தணியிலேயே இருந்தால் தினமும் ரயிலில் போய்வரலாம், எந்த ராஜ்யமானாலும் தண்டவாளம் ஒன்றுதான் என்றேன். பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் ரயில் போகும் வழியில் ஏரி இருக்கிறது, ஸ்டேஷனில் அவர் ஏறும்போது கவனித்திருக்கிறேன்: அந்தப் பக்கத்து ஜன்னலில் இப்போது அவர் உட்காருவதில்லை.

பிப்ரவரி 3

இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

பாரத்தைத் தபாலில் போட்டுவிட்டாராம். மதராஸ் ராஜ்யம், செங்கல்பட்டு.

பிப்ரவரி 14, ஞாயிறு

சொன்னேன்.

படத்தையும் மரத்துண்டையும் எடுத்துப்போய் முன்னால் வைத்தேன். பதினைந்துதான் வந்தது, பதினெட்டாக்கினேன், நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை, அன்று அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் — எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

மரத்துண்டைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“எனக்குத் தெரியும் சுலோசனா. மரம் சீவும்போதே தெரியும். மூணு அடி அறுத்துப் போட்டுடலாம்னு ரம்பத்தக் கூட எடுத்தேன்.”

“பின்ன ஏன் அறுக்கல?”

“நீ அந்தப் பாயப் பத்திப் பேசிக்கினு இருந்த. ஒன் மூஞ்சப் பாத்தேன். மனசு வரல.”

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். குழந்தை இல்லை என்று ஊர் சொன்னபோதெல்லாம் இந்த மனிதர் இப்படித்தான், எதையும் அறுக்காமல் விட்டிருக்கிறார். முதல் வருஷம் கால்வாய்ப் படகில் பழவேற்காட்டிலிருந்து மதராசுக்கு விறகுக்கட்டுகளின்மேல் உட்கார்ந்து போனோமே, அந்த நாள் ஏனோ ஞாபகம் வந்தது. மழையில் நனைந்த விறகு வாசனை. எனக்கு இடம் விட்டு அவர் ஓரத்தில் தொங்கிக்கொண்டே வந்தார்.

போட்ட தபாலைத் திரும்பி வாங்க முடியாது. முன்னாடியே சொல்லியிருந்தால்?

பிப்ரவரி 21, ஞாயிறு

அவர் படகைத் தொடமாட்டேன் என்கிறார். வேண்டாம். ரம்பத்தை நானே எடுத்தேன். மூன்றடி போயிற்று. பாயைப் பிரித்துக் குறைத்துத் தைத்தேன்.

இறங்கும் பலகை தானாக ஏறாதபடி ஒரு முளை. பாய்க்கயிறு இனி கையில்தான் இருக்கும். கட்டுவதற்குக் கட்டையே கிடையாது, பிடுங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் உட்காரும் பலகைக்கு அடியில் காலி மண்ணெண்ணெய் டின்கள், பக்கத்துக்கு ஆறு. மூடியை ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தான் சிட்டிபாபு. தண்ணீர் நிரம்பினாலும் படகு முழுகக்கூடாது. புரண்டால் ஒரே ஆள் நிமிர்த்தவேண்டும்.

நிமிருமா? காகிதம் நிமிரும் என்கிறது. காகிதத்தை நம்பி இன்னொருவரை ஏற்றமாட்டேன்.

மார்ச் 6, ஞாயிறு

நானே கவிழ்த்தேன்.

அவர் வரமாட்டேன் என்றார். வண்டி கிளம்பும்போது வந்து ஏறிக்கொண்டார். அணைக்கரையில் ஜீப்பைவிட்டு இறங்கவுமில்லை. தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

சேலையைக் கச்சமாக இழுத்துக் கட்டிக்கொண்டேன். ரங்கையா பரிசலோடு கொஞ்சம் தள்ளி நின்றார். “வேணும்னே யாராச்சும் படகக் கவுப்பாங்களாம்மா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். நூறு கஜம் போனதும் விளிம்பில் ஏறி நின்று பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். எளிதில் சாயவில்லை. அதுவே முதல் சந்தோஷம். மூன்றாவது இழுப்பில் சாய்ந்தது. பாய் என்மேல் விழுந்தது. பச்சை இருட்டு. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். பாயின் தையலைத் தடவிக்கொண்டே போனேன், நான் போட்ட தையல்தானே, ஓரத்துக்கு வந்து தலையை வெளியே நீட்டினேன்.

படகு பக்கவாட்டில் படுத்திருந்தது. முழுகவில்லை. பலகை தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிப்போய் அதன்மேல் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சாய்ந்தேன். மரம் மெல்ல, மனசில்லாமல் எழுந்திருக்கிறவனைப்போல, தண்ணீரைவிட்டுக் கிளம்பியது. அப்புறம் ஒரே வேகம். நிமிர்ந்து நின்றது! உள்ளே முழங்கால் தண்ணீர். டின்கள் தாங்கின.

வாளியால் இறைத்துக்கொண்டே கரையைப் பார்த்தேன். அவர் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சட்டை, கைக்கடியாரம் எல்லாவற்றோடும். பாய்க்கடியில் நான் இருந்தபோது இறங்கி ஓடிவந்திருக்கிறார். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தார்போல. முகம் வெளுத்தது. ஆனாலும் திரும்பி ஓடவில்லை. படகைப் பக்கத்தில் கொண்டுபோனேன். விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

“இன்னா பொம்பள நீ” என்றார்.

இருவருமாகப் படகைக் கரைக்கு நடத்திக்கொண்டு வந்தோம்.

மார்ச் 7

தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தார்.

ஏப்ரல் 1, வெள்ளி

இன்று முதல் திருத்தணி மதராஸ் ராஜ்யம். ரயில் அதே நேரத்துக்குத்தான் வந்ததாம். அவர் கையில் செங்கல்பட்டு உத்தரவு. ஜூனில் சேரவேண்டும். மாற்றிக்கொள்ள எழுதிப்போட்டுப் பார்த்தார், ஆகாது என்று பதில்.

“நீ வேலய விட வேணாம். அன்னிக்கு ஏதோ வெறுப்புல சொன்னேன்” என்றார்.

“ஞாயித்துக்கிழமை?”

“சனிக்கெழம ராவே வந்துடுவேன்.”

ஜூன் 12, ஞாயிறு

ஸ்டேஷன்வரை போனேன். ஊறுகாய் ஜாடியை மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

அணையில் தண்ணீர் இல்லை. சேறு வெடித்துக் கிடக்கிறது. இருந்தும் வந்தார். படகுக்கு எண்ணெய் பூசினோம்.

அக்டோபர் 30, ஞாயிறு

தண்ணீர் வந்துவிட்டது. அவரும் ஏறினார். கரையோரமாகவே போனோம், முழங்காலளவு ஆழத்தில். அரை மணி நேரம் விளிம்பை விடாமல் பிடித்திருந்தார். இறங்கியதும் விரலை நீவிவிட்டேன்.

நவம்பர் 27, ஞாயிறு

சீக்கிரமே கிளம்பினோம். மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில். மலை கழுவி வைத்ததுபோல இருந்தது. பலகையை இறக்கி அணையின் நடுவுக்கு விட்டேன். வேண்டாமென்று சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

செங்கல்பட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களாம். பட்டறையில் புதிதாக ஒரு கடைசல் இயந்திரம் வந்திருக்கிறதாம். அறைக்குப் பக்கத்தில் இருக்கிறவர் விடியற்காலையில் ஆர்மோனியம் வாசிக்கிறாராம், “ஒரே பாட்டுதான், அதயும் தப்பாத்தான்” —

பேச்சு நின்றுவிட்டது. கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தேன். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு முன்பக்கத்தில் படுத்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை விளிம்புக்கு வெளியே தொங்கி, விரல்கள் தண்ணீரைக் கீறிக்கொண்டே வந்தன. தூங்கிவிட்டிருக்கிறார்.

நாலரைக்கு அவருக்கு ரயில். நேரமாயிற்றென்று கரையில் சிட்டிபாபு கையைத் தூக்கிக் காட்டினான்.

இன்னொரு சுற்று போய் வந்தேன்.